கீழ் வீட்டுல கத்தி முடிச்சப்புறம்தான் நமக்கு விக்கெட் விழுது, ஏன்?

சரி, அடுத்த கேள்வி. ஒரு நேயர் கேட்டிருக்காங்க: “எங்க வீட்டுல ஃபைபர் நெட், 100 எம்பிபிஎஸ். மேட்ச்ச ஆப்லதான் பாக்குறோம். கீழ் வீட்டுல டிஷ். அவங்க கத்தி முடிச்சு அரை நிமிஷம் ஆனப்புறம்தான் எங்களுக்கு விக்கெட் விழுது. 300 எம்பிபிஎஸ் ப்ளானுக்கு மாறினா சரியாயிடுமா?”

ஆகாதுங்க. மாறாதீங்க, காசு மிச்சம்.

ஏன்னு ஒரு சின்ன கணக்கு போட்டுப் பாப்போம். ஃபுல் ஹெச்டி மேட்ச் விநாடிக்கு 6 மெகாபிட் இழுக்குதுன்னு வெச்சுக்குங்க. ஆப் அத தண்ணி மாதிரி தொடர்ந்து வாங்குறதில்ல, துண்டு துண்டா வாங்கும். 6 விநாடி துண்டுன்னா 36 மெகாபிட். உங்க 100 எம்பிபிஎஸ்ல, அதாவது விநாடிக்கு 100 மெகாபிட் வேகத்துல, அது வந்து சேர 0.36 விநாடி. 300ல 0.12. ஆக நீங்க மிச்சம் பிடிக்கிறது கால் விநாடி. கீழ் வீட்டுக்காரங்க முந்தறது அரை நிமிஷம்!

அப்போ அந்த அரை நிமிஷம் எங்க போகுது? ஷேர் ஆட்டோவ நினைச்சுக்குங்க. ஆள் நிரம்பினாத்தான் கிளம்பும். ரோட்ட எட்டு வழிச்சாலை ஆக்கினாலும் ஸ்டாண்டுல நிக்கிற நேரம் குறையாது இல்லையா? அதே கதைதான். வீடியோவத் துண்டு துண்டா அனுப்ப ஹெச்எல்எஸ்னு ஒரு முறை இருக்கு, ஆப்பிள் 2009-ல கொண்டுவந்தது, லைவ் வீடியோவுல ரொம்பப் பரவலா ஓடுறது. ஆரம்பத்துல ஒரு துண்டு 10 விநாடின்னு சொல்லியிருந்தாங்க, அப்புறம் 6 ஆக்கினாங்க. அந்த 6 விநாடி ஆட்டம் நடந்து முடிஞ்சாத்தான் துண்டே முழுசாகும், அதுக்கப்புறம்தான் கிளம்பும். இதுல இன்னொண்ணு, ஆப்புக்குள்ள படத்த ஓட்டுற ப்ளேயர் கடைசித் துண்டுல இருந்து ஆரம்பிக்கக் கூடாது, குறைஞ்சது மூணு துண்டு அளவு பின்னால நிக்கணும்னு அந்த முறையிலேயே இருக்கு. மூணு ஆறு பதினெட்டு. பாதிக்கு மேல இங்கயே போச்சு. கிரவுண்ட்ல இருந்து படம் வந்து, கிராஃபிக்ஸ் ஏறி, அதையே 360, 480, 720, 1080னு நாலஞ்சு தரத்துல சுருக்கி, ஊர் ஊரா இருக்கிற சர்வர்ல வெச்சு, அங்க இருந்து உங்க வீட்டுக்கு. 25, 30 விநாடியெல்லாம் சாதாரணம்.

எதுக்கு இப்படி பின்னால நிக்கணும்னு கேப்பீங்க. மொட்டை மாடி டேங்க் எதுக்கு? கரண்ட் போனாலும் கொஞ்ச நேரம் குழாய்ல தண்ணி வரணும்னுதான். நெட் நாலு விநாடி தடுமாறினாலும் படம் நிக்காம ஓடுறது அந்தக் கையிருப்புலதான்.

துண்ட 2 விநாடியா ஆக்கிட வேண்டியதுதானே? ஆக்கலாம். ஆனா அந்தப் பக்கம் பாருங்க. 2023 உலகக் கோப்பை ஃபைனல்ல, அகமதாபாத் மேட்ச், ஹாட்ஸ்டார்ல ஒரே நேரத்துல 5.9 கோடி பேர் வரைக்கும் பாத்தாங்க. துண்டு 6 விநாடின்னு வெச்சுக்கிட்டா விநாடிக்கு ஏறக்குறைய ஒரு கோடி தடவ சர்வர் கதவத் தட்டுவாங்க. 2 விநாடின்னா மூணு கோடி தடவ. போதாததுக்கு ஒவ்வொரு துண்டும் ஒரு முழு ஸ்டில் படத்தோட ஆரம்பிக்கணும், அதுக்குத்தான் டேட்டா அதிகம். துண்டு சிறுசானா அதே தரத்துக்கு டேட்டா கூடும். துண்டையே இன்னும் பொடிசாக்கி அனுப்புற முறையும் 2019-ல வந்திருக்கு, ஆனா கையிருப்பு குறைஞ்சா படம் நின்னு வட்டம் சுத்துற அபாயம் கூடத்தான் செய்யும். படம் சுத்தினா ஜனங்க திட்டுவாங்க, லேட்டா வந்தா கீழ் வீட்டுக்காரரத்தான் திட்டுவாங்க. கம்பெனி எதத் தேர்ந்தெடுக்கும்னு உங்களுக்கே தெரியும்.

டிஷ்ல இந்தக் காத்திருப்பு கிடையாது. சாட்டிலைட் 35,786 கிலோமீட்டர் உயரத்துல இருக்கு, போயிட்டு வர கால் விநாடிதான். சுருக்குறதுக்குச் சில விநாடி, அவ்வளவுதான், நிக்காம கொட்டிக்கிட்டே இருக்கும். பழைய ஆன்டெனா டிவியில அதுகூட இல்ல. டிவிய மியூட்ல வெச்சுட்டு ரேடியோ கமென்ட்ரி கேட்டவங்களுக்கு ரெண்டும் ஒண்ணாப் போனது அதனாலதான்.

இப்ப நீங்க செய்யக்கூடியது. முக்கியமானது ஒண்ணு: நெட் தடுமாறி படம் சுத்துச்சுன்னா, பல ப்ளேயர் விட்ட இடத்துல இருந்துதான் தொடரும். நாலு விநாடி ரெண்டு தடவ சுத்தினா எட்டு விநாடி கூடுதல் லேட், அது மேட்ச் முடியிற வரைக்கும் கூடவே வரும். போன் வந்துச்சுன்னு நடுவுல பாஸ் பண்ணாலும் அப்படித்தான். அதனால ஓவர் முடிஞ்சு விளம்பரம் வர்றப்ப ‘லைவ்’ பட்டன ஒரு தடவ அழுத்துங்க. பட்டன் இல்லேன்னா ஆப்ப முழுசா மூடிட்டுத் திறங்க. தரத்த 1080ல பூட்டி வைக்காம ‘ஆட்டோ’வுல விடுங்க. லேட்டு அதனால நேரடியா குறையாது, சுத்துறது குறையும், லேட்டு ஏறாம இருக்கும். ரூட்டர் பக்கத்து ரூம்ல இருந்தா 5 கிகாஹெர்ட்ஸ் வைஃபை போதும், ரெண்டு சுவர் தாண்டினா டிவிக்கு கேபிள் இழுத்துடுங்க.

ஸ்கோர் ஆப் நோட்டிஃபிகேஷன அணைச்சிடுங்க, மறந்துடாதீங்க. ஸ்கோர்ங்கிறது சில எழுத்துதான், துண்டு நிரம்பக் காத்திருக்க வேண்டியதில்ல. பவுலர் ரன்-அப்ல இருக்கும்போதே ‘விக்கெட்’னு மேல வந்து நிக்கும். அதே வீட்டுல ரெண்டு போன் வேற வேற நேரத்துல காட்டுறதும் கோளாறு இல்ல, எப்ப உள்ள நுழைஞ்சாங்க, எத்தனை தடவ சுத்துச்சுங்கறதப் பொறுத்தது.

சரியான வித்தியாசம் தெரியணும்னா, கீழ் வீட்டு டிவி முன்னால ஆப்பத் திறந்து வைங்க. டிவியில பவுலர் கையில இருந்து பந்து விடுற நொடியில ஸ்டாப்வாட்ச்ச தட்டுங்க, போன்ல அதே பந்து விடும்போது நிறுத்துங்க. மூணு பந்துக்கு எடுத்துப் பாருங்க. 20, 25 வந்தா அது ஆப்போட இயல்பு, நீங்க ஒண்ணும் பண்ண முடியாது. 40, 50னு வந்தா உங்க பக்கம் சேந்த லேட்டு. லைவ் பட்டன அழுத்திட்டு மறுபடி அளங்க, இறங்கும்.