1930-களின் பெருமந்தம் கொங்கு நாட்டை உலுக்கியதே! (காங்கயம் பட்டிமன்றத்தில் ஓர் உரை)

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, ராட்டினத்தையும் வளையல் கடையையும் விட்டுவிட்டு இங்கே வந்து உட்கார்ந்திருக்கும் பெரியவர்களே, தாய்மார்களே, வணக்கம்.

உலகம் முழுக்க விலையும் வேலையும் விழுந்த அந்த 1930-களின் பெருமந்தம் கொங்கு நாட்டை உயர்த்தியதா, உலுக்கியதா? இதுதான் தலைப்பு. உலுக்கியது என்று பேச வந்திருக்கிறேன். சீட்டு குலுக்கியபோது இந்தப் பக்கம் விழுந்தது. அந்தப் பக்கம் விழுந்திருந்தால் அதையும் பேசியிருப்பேன். எதிரணித் தலைவர் சிரிக்கிறார் பாருங்கள், அவருக்கும் சீட்டுதான்!

1929 அக்டோபரில் நியூயார்க் பங்குச் சந்தை விழுந்தது. ஆரம்பம் அதுதான் என்று பள்ளிக்கூடத்தில் படித்தோம். அதற்கு முன்பே பல நாடுகளில் தானியம் தேவைக்கு மேல் விளைந்து விலை இறங்கிக்கொண்டுதான் இருந்தது. அப்புறம் அமெரிக்காவில் வங்கிகள் ஆயிரக்கணக்கில் மூடின. 1930-இல் இறக்குமதி வரியை ஏற்றிக் கதவைச் சாத்தினார்கள். 1933-இல் அங்கே ஏறக்குறைய நாலில் ஒருவருக்கு வேலை இல்லை. பிரேசிலில் காப்பிக்கொட்டையை மூட்டை மூட்டையாக எரித்தார்கள். இங்கே வெள்ளைக்கார அரசு ரூபாயின் மதிப்பை இங்கிலாந்துக் காசில் 1 ஷில்லிங் 6 பென்ஸ் என்று கட்டிப்போட்டதை இறக்க மறுத்துவிட்டது. இரண்டு மூன்று வருஷத்தில் விளைபொருள் விலை கிட்டத்தட்ட பாதி. அவ்வளவுதான் பொருளாதாரம். இனி மாட்டுக்கு வருவோம்.

எங்கள் அப்பாரு, அப்பாவைப் பெற்றவர், அந்தக் காலத்தில் கண்ணபுரம் மாட்டுச் சந்தைக்கு வண்டி கட்டிக்கொண்டு போனார், ஒரு காளையை விற்க. மயிலைக் காளை. சுழி சுத்தம், பல் சுத்தம். ஒருவரும் பல்லைப் பார்க்கக்கூட வரவில்லையாம். காளை தானாகவே வாயைத் திறந்து காட்டியது என்பார் எங்கள் சின்னப்பாரு. அவரை நம்ப வேண்டாம்.

சாயங்காலம் ஒரு தரகர் வந்தார். துண்டைப் போட்டார். துண்டுக்குள் கையை விட்டு விரலைப் பிடித்து விலை பேசுவது காங்கயத்துக்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அப்பாரு ஆசையாகக் கையை நீட்டினார். ஒரு விரலைப் பிடிப்பாரா, இரண்டு விரலைப் பிடிப்பாரா? தரகர் எந்த விரலையும் பிடிக்கவில்லைங்க! உள்ளங்கையைத் தடவிக் கொடுத்து, “தண்ணி குடிச்சீங்களா மாப்ள?” என்று கேட்டுவிட்டுத் துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார். விலை பேசப் போன இடத்தில் துக்கம் விசாரித்து அனுப்பப்பட்ட ஒரே மனுஷர் எங்கள் அப்பாருதான்!

கதை முடியவில்லை. விடியக்காலை எழுந்து பார்த்தால் வண்டிக்குப் பின்னால் இரண்டு காளை நிற்கிறது. தீனி போட வழியில்லாத யாரோ ஒரு மகராசன் தன் மாட்டையும் கட்டிவிட்டு ராத்திரியோடு ராத்திரியாகப் போய்விட்டான். விற்கப் போனது ஒன்று, வந்தது இரண்டு. சின்னப்பாரு சொன்னால் மூன்று. இன்னும் பத்து வருஷம் விட்டால் சந்தையே எங்கள் வாசலுக்கு வந்திருக்கும். வீட்டில் ஆத்தா கேட்டாராம், “காசு எங்கீங்க?” அப்பாரு இரண்டாவது காளையைக் காட்டி, “அசல் அப்படியே இருக்குது, வட்டியும் வந்திருக்குது, பாரு!”

சிரித்துவிட்டோம். ஆனால் அந்த வட்டிதான் அப்போது ஊரையே தின்றது. ஒரு பொதி பருத்தி விற்றால் கட்டிவிடலாம் என்று வாங்கிய கடனுக்கு இரண்டு பொதி விற்க வேண்டியதாயிற்று. விலை விழுந்த வேகத்துக்கு நிலவரி இறங்கவில்லை. 1938-இல் ராஜாஜி அரசு சட்டம் போட்டு விவசாயியின் வட்டிப் பாக்கியைத் தள்ளுபடி செய்யும் அளவுக்கு நிலைமை போனது.

இந்த இடத்தில் எதிரணிப் பேராசிரியர் ஒன்று சொன்னார். “காங்கயத்துக்காரர் மாட்டைப் பிடித்துக்கொண்டு நின்றார், கோயமுத்தூர்க்காரர் மில்லைப் பிடித்தார்.” நீங்களும் கை தட்டினீர்கள். எனக்கே சிரிப்பு வந்தது, வெளியே காட்டிக்கொள்ளவில்லை.

ஐயா, அந்த மில் எந்தக் காசில் எழுந்தது? நீலகிரி பைக்காராவிலிருந்து மின்சாரம் வந்தது, சரி. 1930-களில் கோவையைச் சுற்றி மில் மேல் மில் முளைத்தது, அதுவும் சரி. முதல் எங்கிருந்து வந்தது? அதுவரை விவசாயிக்குக் கடன் கொடுத்தவர்கள், கொடுத்தது திரும்பாது என்று பயந்து கையை இழுத்துக்கொண்டார்கள். அந்தப் பணத்தில் ஒரு பங்கு டவுனுக்குப் போய் மில் பங்காக மாறியது. பஞ்சு ஏன் மலிவு? விளைவித்தவனுக்கு வேறு போக்கில்லை. கூலி ஏன் மலிவு? வானம் பார்த்த பூமியை நம்பியவன் பிள்ளை குட்டியோடு டவுனுக்கு வந்துவிட்டான். மாட்டைப் பிடித்துக்கொண்டு நின்றவரின் மகன்தான் பேராசிரியரே, உங்கள் மில் கேட்டில் நின்றவன்! உயர்ந்தவர்கள் உண்டு. யார் முதுகில் ஏறி உயர்ந்தார்கள் என்பதைச் சொல்லாமல் உட்கார்ந்துவிட்டீர்கள்.

இன்னொன்றும் சொன்னார். 1931 செப்டம்பரில் இங்கிலாந்து தன் பவுண்டைத் தங்கத்தோடு கட்டிவைத்திருந்த தங்க மதிப்பீட்டைக் கைவிட்டது, ரூபாயும் பவுண்டோடு சேர்ந்து இறங்கியது, தங்கம் விலை ஏறியது, நம் மக்கள் லாபம் பார்த்து விற்றார்கள் என்றார். லாபமா?

எங்கள் அமுச்சி, அம்மாவைப் பெற்றவர், விற்றது தாலிக்கொடி. வீட்டில் மற்றதெல்லாம் போன பிறகு அதைக் கழற்றினார். கடைக்காரர் நிறுத்தபோது தராசைப் பார்க்காமல் வாசலைப் பார்த்துக்கொண்டு நின்றாராம். அம்மா சொல்லிக் கேட்டிருக்கிறேன். அதற்கப்புறம் மஞ்சள் கயிறுதான். பின்னால் கையில் காசு வந்தபோதும், “பொண்ணுக்குப் பண்ணுங்க, எனக்கெதுக்கு?” என்று சொல்லிவிட்டார். அந்த வருஷங்களில் பம்பாய்த் துறைமுகத்தில் லண்டனுக்குக் கப்பல் ஏறிய தங்கத்தில் எத்தனை பெண்களின் கழுத்து இருந்தது தெரியுமா? ஏற்றுமதிக் கணக்கில் அது சரக்கு. இங்கே உட்கார்ந்திருக்கும் தாய்மார்களைக் கேளுங்கள், அது சரக்கா என்று!

மணி அடித்துவிட்டீர்கள், முடித்துக்கொள்கிறேன். நடுவர் அவர்களே, நூற்பாலைக் கணக்கை எதிரணி கொடுத்திருக்கிறது, வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். எங்கள் அமுச்சியின் கொடி எத்தனை பவுன் என்று என்னிடம் கணக்கு இல்லை. உலுக்கியது என்றே தீர்ப்பு எழுதுங்கள். நன்றி, வணக்கம்.