ஹேர்பின்னுக்குத் துவைச்சல்

[காட்சி: ஏற்காடு மலைப்பாதையில் பேருந்து திரும்புகிறது]

சேலத்திலிருந்து ஏற்காடு ஏறும் வழியில் 20 கொண்டை ஊசி வளைவுகள். அந்தப் பெயரைக் கொடுத்த ஊசியைத்தான் இன்று நெருப்பில் காட்டப்போகிறோம். அக்காவிடம் நான்கு கறுப்பு ஹேர்பின் கேட்டு வாங்குங்கள். இரண்டு திரும்பி வராது என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

[காட்சி: நுனியிலுள்ள பிளாஸ்டிக் முத்தைச் சுரண்டி எடுக்கும் கை]

கஞ்சமலைப் பக்கத்து மண்ணில் காந்தத்தைப் புரட்டினால் கறுப்புத் துகள் ஒட்டிவருமே, அதில் இருப்பது இரும்பு. ஹேர்பின் வெறும் இரும்பு அல்ல. துளி கார்பன் கலந்த எஃகு. நூற்றில் ஒரு பங்குகூட இராது. வேடிக்கையெல்லாம் அந்தத் துளியால்தான்.

முதல் பின்னை விரித்து விடுங்கள். பழையபடி மூடிக்கொள்ளும்.

இரண்டாவதை இடுக்கியால் பிடித்து, ஆசிரியர் பக்கத்தில் நிற்க, கேஸ் அடுப்பில் செக்கச்செவேலென்று பழுக்கவிடுங்கள். பிறகு மெல்ல மெல்லத் தணலுக்கு மேலே தூக்கி ஆறவிடுங்கள். இப்போது விரித்தால் விரித்தபடியே கிடக்கும், ஈயக்கம்பி மாதிரி.

[காட்சி: பழுத்த பின், தண்ணீர்க் கிண்ணம், 'சுர்' ஒலி]

மூன்றாவதைப் பழுக்கவைத்து உடனே தண்ணீரில் போடுங்கள். உடனே என்றால் உடனே! முதல் தடவை கிண்ணத்தை மேசையின் மறுகோடியில் வைத்திருந்தேன். கொண்டுபோவதற்குள் பின் கறுத்துவிட்டது, சோதனை பிசுபிசுத்தது. கண்ணாடி போட்டுக்கொண்டு, துணியில் சுற்றி வளையுங்கள். படக்கென்று ஒடியும்.

[காட்சி: கூட்டமான பேருந்தின் வரைபடம்]

ஏன்? பழுத்த எஃகில் இரும்பு அணுக்களின் அடுக்கு மாறி, கார்பன் நடுவே புகுந்துகொள்கிறது. மெதுவாக ஆறினால் அது விலகித் தனியே ஒதுங்க நேரம் கிடைக்கும். சட்டென்று குளிர்ந்தால், ஏற்காடு பஸ்ஸில் மூட்டையோடு நடுவழியில் மாட்டிக்கொண்டவர் கதைதான். யாரும் நகர முடியாது. அணுக்கள் வழுக்கி நகர்ந்தால்தான் உலோகம் வளையும். நகர வழியில்லை, ஒடிகிறது.

கொல்லுப்பட்டறையில் அரிவாளைப் பழுக்கவைத்துத் தண்ணீரில் தோய்ப்பதைத் துவைச்சல் என்பார்கள். ஆனால் அதோடு விட்டால் அரிவாளும் ஒடியும்.

[காட்சி: உப்புத்தாளில் தேய்த்த நான்காவது பின்]

நான்காவதையும் தண்ணீரில் தோய்த்து, உப்புத்தாளால் பளிச்சென்று தேய்த்து, தீக்குச் சற்று மேலே பிடியுங்கள். வைக்கோல் மஞ்சள், பழுப்பு, ஊதா, அப்புறம் நீலம். சுமார் 300 டிகிரி. எடுத்துவிடுங்கள். மாட்டிக்கொண்ட கார்பனில் கொஞ்சம் வெளியேறியிருக்கும். விரித்துப் பாருங்கள்: ஒடியவில்லை, திரும்ப மூடிக்கொள்கிறது.

இதை அக்காவிடம் கொடுத்துவிடலாம். நிறம்தான் நீலம்.