ஆட்சியைத் தீர்மானிப்பது பணபலமே!

நடுவர் ஐயா அவர்களே, கும்பகோணத்துப் பெரியவர்களே, தாய்மார்களே, வணக்கம். "நாட்டின் ஆட்சியைத் தீர்மானிப்பது மக்களின் அரசியல் பண்பாடா, பணபலமா?" இதுதான் இன்னைக்குத் தலைப்பு. எனக்குக் கிடைச்சது பணபலம். அணியைச் சொன்னேன் ஐயா, பெட்டியை இல்லை!

எதிரணித் தலைவி அம்மா குடவோலையில ஆரம்பிச்சாங்க. பராந்தக சோழன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டுல, கணக்கு காட்டாதவனும் அவன் உறவுக்காரனும் ஊர் நிர்வாக வாரியத்துக்கு வரக் கூடாதுன்னு எழுதியிருக்கு, அதுதான் நம்ம பண்பாடுன்னாங்க. நானும் கைதட்டினேன். ஆனா அம்மா, அதே கல்வெட்டுல இன்னொரு விதி இருக்கே, அதை ஏன் விட்டுட்டீங்க? கால் வேலிக்கு மேல (வேலிங்கிறது நில அளவு) வரி கட்டுற நிலம் வேணும், சொந்த மனையில வீடு வேணும். வேதம் படிச்சவருக்கு மட்டும் நிலத்துல கொஞ்சம் சலுகை. குடத்துக்குள்ள விழுந்த ஓலை அத்தனையும் நிலக்காரன் பேர். கூலிக்கு உழுதவன் பேர் அதுல கிடையாது. அப்புறம், கணக்கு காட்டாதவன் வரக் கூடாதுன்னு ஏன் கல்லுல வெட்டணும்? முழுங்கிட்டு நின்னவன் இருந்திருக்கான்!

கல்வெட்டை விடுங்க. நம்ம தஞ்சாவூர் நெல்லு ஒரு கவர்னரையே கவுத்த கதை தெரியுமா?

1773-ல ஆற்காடு நவாப் முகமது அலி, கிழக்கிந்தியக் கம்பெனிப் பட்டாளத்தோட துணையில தஞ்சாவூரைப் பிடிச்சார். துளஜா மகாராஜா சிறையில. நவாப் கழுத்து வரைக்கும் கடன்ல இருந்தவர். கடன் கொடுத்தவங்க சென்னையில இருந்த வெள்ளைக்காரங்க. அதுல ஒருத்தன் பால் பென்ஃபீல்டு. கம்பெனியில சாதாரண உத்தியோகம்தான். 1776-ல லண்டன் உத்தரவுப்படி கம்பெனியோட சென்னை கவர்னர் பிகட் பிரபு துளஜாவுக்கு ராஜ்ஜியத்தைத் திருப்பிக் கொடுத்தார். உடனே பென்ஃபீல்டு வந்து நின்னான். "தஞ்சாவூர் வரி வருமானம் எனக்கு ஈடு. வயல்ல நிக்கிற வெள்ளாமை மேலயும் கடன் கொடுத்திருக்கேன். மொத்தம் சுமார் 2 லட்சத்து 30 ஆயிரம் பவுண்டு"ங்கிறான். அவன் வாங்கின சம்பளத்துக்கு அவ்வளவு பணம் எங்கிருந்து வந்துச்சு? கவர்னரோட சேர்ந்து ஆட்சி பண்ற சென்னைக் கவுன்சிலும் முதல்ல தள்ளுபடி பண்ணுச்சு. கொஞ்ச நாள்ல அதே கவுன்சில்ல பெரும்பான்மை அவன் பக்கம் சாஞ்சுது. நடுவுல என்ன நடந்துச்சுன்னு என்னைக் கேக்காதீங்க, சபையில குழந்தைங்க இருக்காங்க.

பிகட் ஒத்துக்கல. அவரும் ஒண்ணும் உத்தமர் இல்லை, முதல் தடவை கவர்னரா இருந்தப்பவே பெரிய சொத்து சேர்த்தவர்தான். ஆனாலும் இதுல மறிச்சு நின்னார். 1776 ஆகஸ்டு 24, சொந்தக் கவுன்சிலே கவர்னரைக் கைது பண்ணுச்சு. மறு வருஷம் காவல்லயே செத்தும் போனார். பென்ஃபீல்டு? 1780-ல இங்கிலாந்து பார்லிமென்ட்டுக்குள்ள போய் உட்கார்ந்தான்! 1785-ல எட்மண்ட் பர்க் அந்தச் சபையிலேயே எழுந்து, இந்த ஆள் தன்னையும் சேர்த்து எட்டு உறுப்பினர்களை உருவாக்கியிருக்கான்னு போட்டு உடைச்சார். நவாப் கடனை விசாரணையே இல்லாம அடைக்கச் சொன்ன அரசாங்கத்தை மணிக்கணக்கா கிழிச்சார். கடைசியில ஓட்டெடுப்பு. பர்க் பக்கம் தோத்துப் போச்சு. பார்லிமென்டுக்கெல்லாம் தாய்னு பேர் வாங்கின சபை அது. பண்பாட்டுக்கு அங்க என்ன குறைச்சல்?

நம்ம காலத்துக்கு வருவோம். 2016 மே மாசம் தமிழ்நாடு முழுக்கச் சட்டமன்றத் தேர்தல். தஞ்சாவூர்லயும் அரவக்குறிச்சியிலயும் மட்டும் தேர்தல் நடக்கல. பணம் பாஞ்சதுன்னு தேர்தல் ஆணையமே ரத்து பண்ணுச்சு. நவம்பர்ல நடந்தப்ப ரெண்டு பெரிய கட்சியும் அதே வேட்பாளர்களைத்தான் நிறுத்துச்சு. யாருக்காவது கூச்சம் இருந்துச்சா?

உடனே எதிரணி, "வாங்குற ஜனங்க பண்பாடு கெட்டுப் போச்சு"ங்கும். தெருவுல எப்படி நடக்குதுன்னு பார்த்திருக்கீங்களா? வாக்காளர் பட்டியல் நகலை வச்சுக்கிட்டு, வீட்டுக்கு எத்தனை ஓட்டுன்னு பென்சில்ல டிக் போட்டு வருவாங்க. திருப்பூர்ல வேலை பாக்குற பையன் பேரும் அதுல இருக்கும், அவனுக்கு பஸ் செலவு தனி. என்ன நேர்த்தி ஐயா! ரேஷன் கடையில இந்தக் கணக்கு இருந்தா நாடு எப்பவோ உருப்பட்டிருக்கும். நாம வாங்குற கையை மட்டும்தான் திட்டுறோம். சட்டமன்ற வேட்பாளர் செலவு வரம்பு 40 லட்சம். அதுக்கு மேல போட்டவன் எங்க எடுப்பான்? கொள்ளிடத்து மணல்ல எடுப்பான். கொள்முதல் நிலையத்துல மூட்டைக்கு இவ்வளவுன்னு பிடிக்கிறாங்களே, கொடுத்துப் பழகின விவசாயி இங்க எத்தனை பேர் உட்கார்ந்திருக்கீங்க? மேல போனா இன்னும் சுத்தம். 2018-லேர்ந்து தேர்தல் பத்திரம்னு 16 ஆயிரம் கோடிக்கு மேல கட்சிகளுக்குப் போச்சு. 2024 பிப்ரவரியில உச்ச நீதிமன்றம் ரத்து பண்ற வரைக்கும் யார் கொடுத்தா, யாருக்குக் கொடுத்தான்னு உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

டெல்டாவுக்கு வந்த மீத்தேன் எரிவாயுத் திட்டத்தை விரட்டினோமேன்னு எதிரணித் தம்பி கேட்டார். விரட்டினோம், மறுக்கல. இயற்கை விவசாயம் சொன்ன நம்மாழ்வார் ஐயா அந்தப் பிரச்சாரத்துல இருந்தப்பவே உயிரை விட்டார். 2020-ல வேளாண் மண்டலச் சட்டமும் வந்துச்சு. ஆனா ஏற்கெனவே நடந்துக்கிட்டிருந்த திட்டங்களை அந்தச் சட்டம் தொடாது தம்பி. வயலுக்கு நடுவுல நிக்கிற எண்ணெய்க் கிணறு நின்னபடியேதான் நிக்குது.

நார்வேயில எண்ணெய்ப் பணம் வந்தும் ஜனநாயகம் கெடலையேன்னாங்க அம்மா. நல்ல உதாரணம், எனக்கு! அந்த எண்ணெய் நிதியை நார்வேக்குள்ள முதலீடு பண்ணக் கூடாது, வெளிநாட்டுலதான் பண்ணணும்னு விதி. வருஷத்துக்கு எவ்வளவு எடுக்கலாம்கிறதுக்கும் ஒரு வரம்பு வச்சிருக்காங்க. வீட்டுல திருடன் வருவான்னு தெரிஞ்சவன்தான் நகையை லாக்கர்ல வைப்பான். பண்பாடே போதும்னா அவங்க ஏன் சொந்தப் பணத்தை நாட்டுக்கு வெளியில வைக்கணும்? அடுத்துப் பேசப் போறவர் மன்னார்குடிக்காரர், கெட்டிக்காரர். இதுக்குப் பதில் சொல்லிட்டு அவர் குடவோலைக்குப் போகட்டும். நடுவர் கை மணிக்குப் போயிடுச்சு, நன்றி வணக்கம்!