கதையைப் பாதியில் நிறுத்துங்கள்
(ஐ.டி.ஐ. பயிற்றுநர்களிடையே ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

அவையோர் அனைவருக்கும் வணக்கம்.

உங்களில் பலர் தொழிற்சாலையில் வேலை பார்த்துவிட்டுக் கற்பிக்க வந்தவர்கள். அந்த அனுபவத்தை வகுப்பில் எப்படிச் செலவழிக்கிறோம்? பெரும்பாலும் ஒரே கதைதான்: விடியற்காலையில் எழுந்தேன், பஸ்ஸில் தொங்கிக்கொண்டு ஷிப்டுக்குப் போனேன், முன்னுக்கு வந்தேன். மாணவர்கள் மரியாதைக்குத் தலையாட்டுவார்கள். இதைத்தான் வீட்டில் அப்பாவும் தினம் சொல்கிறாரே!

வேலையிடத்தில் நாம் திகைத்து நின்ற சிக்கல்களைச் சொல்லிப் பாருங்கள். வகுப்பு நிமிர்ந்து உட்காரும்.

ஓர் எடுத்துக்காட்டு. 50 மில்லிமீட்டர் ஷாஃப்ட், அதாவது சுழலும் தண்டு. அதைத் தாங்கும் பேரிங் இறுக்கமாக உட்காரும் இடம். வரைபடத்தில் கே6 டாலரன்ஸ், அளவு எவ்வளவு விலகலாம் என்ற வரம்பு. அதாவது 50க்கு மேல் 2 மைக்ரானிலிருந்து 18 மைக்ரானுக்குள் இருக்க வேண்டும் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு ஒரு மைக்ரான்). அவசர வேலை என்று லேத் என்னும் கடைசல் எந்திரத்திலேயே முடித்து, உடனே மைக்ரோமீட்டரில் அளந்து பார்க்கிறார் அதை இயக்கும் டர்னர். 10 மைக்ரான் கூடுதல், சரியான அளவு. மறுநாள் காலை பேரிங்கை மாட்டினால், தட்டாமலே வழுக்கிக்கொண்டு இறங்குகிறது. மைக்ரோமீட்டரில் பிழையில்லை. டர்னரோ பழுத்த அனுபவசாலி. பிறகு எப்படி?

இங்கே நிறுத்திவிட்டு வகுப்பை முடித்துவிடுங்கள். விடையை அவர்கள் கொண்டுவரட்டும்.

விடை சூட்டில் இருக்கிறது. எஃகு ஒரு டிகிரிக்கு, மீட்டருக்கு ஏறக்குறைய 11.5 மைக்ரான் விரியும். கடையும்போது ஷாஃப்டின் சூடு 40 டிகிரி கூடியிருந்தால் 50 மில்லிமீட்டரில் 23 மைக்ரான். ஆறியபின் 10 கூடுதலாக இருந்தது 13 குறைவாகிவிடும். ஒர்க்‌ஷாப் கால்குலேஷன் வகுப்பில் கொட்டாவி வரவழைத்த அதே விரிவெண்தான்! அளவுகளுக்கு 20 டிகிரி செல்சியஸை அடிப்படையாக வைத்தது ஏன் என்பதும் அம்பத்தூர் வெயிலில் நன்றாகவே விளங்கும்.

ஃபைலிங்கும், அதாவது அரத்தால் தேய்ப்பதும், அப்படித்தான். ஃபிட்டர் மாணவர்கள் தொடக்கத்தில் அரத்தோடு மல்லுக்கட்டிச் சலித்துப்போகிறார்கள். எல்லாம் கணினி இயக்கும் சி.என்.சி. எந்திரம் ஆன பிறகு இது எதற்கு என்று கேட்கிறார்கள், நியாயமான கேள்வி. நள்ளிரவில் கன்வேயர் நின்று, ஷாஃப்டையும் சக்கரத்தையும் பிணைக்கும் புதுக் கீ தன் பள்ளத்துக்குள் நுழைய மறுக்கும்போது, அரம் பிடிக்கத் தெரிந்த கையைத்தான் எல்லோரும் தேடுவார்கள் என்று சொல்லுங்கள்.

ஆர்வமூட்டுகிறோம் என்று பொய் மட்டும் சொல்லாதீர்கள். 1961ஆம் ஆண்டுத் தொழிற்பழகுநர் சட்டம் பயிற்சிக்கும் உதவித்தொகைக்கும் வழிசெய்கிறது. பயிற்சி முடிந்ததும் அங்கேயே நிரந்தர வேலை என்று உறுதி தரவில்லை. ஒப்பந்த வேலை, இரவு ஷிப்ட், முதல் சம்பளத்தில் பிடித்தம் போகக் கையில் நிற்பது, எல்லாவற்றையும் சொல்லிவிடுங்கள். இவற்றைப் பேசப் பெரிய மேலாளரைவிட, சென்ற ஆண்டு நம்மிடம் படித்துவிட்டு இப்போது வேலையில் இருப்பவரே பொருத்தம். அவரிடம் மாணவர்கள் கூச்சமில்லாமல் சம்பளத்தைக் கேட்பார்கள்.

தொழிற்சாலை அனுபவம் இல்லாத இளம் பயிற்றுநர்கள் கவலைப்பட வேண்டாம். மாணவர்களோடு ஆலைக்குப் போகும்போது பராமரிப்புப் பிரிவை எட்டிப் பாருங்கள். கழித்துப் போட்ட பாகங்களைக் கேட்டு வாங்குங்கள்: நீலம் பாய்ந்த பேரிங், நசுங்கிய கீ, முனை கருகிய கான்டாக்டர் (மோட்டாருக்கு மின்சாரத்தை இணைத்துத் துண்டிக்கும் சுவிட்ச்). எப்படிக் கெட்டது என்று அங்குள்ள ஃபிட்டரிடமே கேட்டுக்கொண்டு, வகுப்பில் விளக்கம் எதுவும் சொல்லாமல் மேசைமேல் வையுங்கள். வெளியே கொண்டுவரக் கேட் பாஸ் வாங்க மறந்துவிடாதீர்கள்.