பொன்னாடைக்கு முன் ஒரு கேள்வி

அனைவருக்கும் வணக்கம். முன்வரிசையில் அமர்ந்திருக்கும் பெரியவர்களுக்குத் தனி வணக்கம்.

நிகழ்ச்சி நிரலை இப்போதுதான் பார்த்தேன். ஓய்வுபெற்ற ரயில்வேத் தொழிலாளர்கள் 18 பேருக்குச் சிறப்புச் செய்ய 30 நிமிடம். எனக்கு மட்டும் 20 நிமிடம். கணக்கு எங்கோ இடிக்கிறது. மாலை, பொன்னாடை, ஒரு படம், அப்புறம் அடுத்தவர். அறிவிப்பாளர் சொல்லப்போவது, ‘கோலாலம்பூர் செந்தூல் ஒர்க்‌ஷாப்பில் 35 ஆண்டு வேலை பார்த்தவர்’ என்ற ஒரே வரி. என்ன வேலை? அதை நாம் கேட்பதே இல்லை.

நானும் கேட்காதவன்தான். என் அப்பா அதே ஒர்க்‌ஷாப்பில் பாய்லர்மேக்கர். நீராவி எஞ்சின் பாய்லருக்குள் குந்தியபடி, வெளியிலிருந்து ரிவெட் ஆணி அடிப்பவனுக்கு உள்ளிருந்து முட்டுக் கொடுப்பார். ஓர் அண்டாவுக்குள் தலையை விட்டுக்கொண்டு, வெளியே ஒருவரைச் சம்மட்டியால் அடிக்கச் சொல்லிப் பாருங்கள், புரியும். நாற்பது வயதிலேயே அவருக்குக் காது மந்தம். வீட்டில் எல்லோரும் கத்தித்தான் பேசுவோம். பள்ளியிலும் அதே குரலில் பேசி நான் வாங்கிய திட்டு கொஞ்சமில்லை. அந்தச் செவிட்டுக்கு மருத்துவர்கள் பாய்லர்மேக்கர் என்ற தொழிலின் பெயரையே வைத்திருந்தார்கள் என்பது அவர் போன பிறகுதான் எனக்குத் தெரிந்தது.

வரலாற்றை நீட்டப் போவதில்லை. 1885-ல் தைப்பிங்கிலிருந்து போர்ட் வெல்டுக்கு, அதாவது இன்றைய கோலா செப்பத்தாங்குக்கு, மலாயாவின் முதல் ரயில் ஓடியது. பிறகு செந்தூலில் பட்டறை எழுந்தது. உலகப் போரின்போது, 1945-ல், அமெரிக்காவின் பி-29 விமானங்கள் அதன்மேல் குண்டு போட்டன. மறுபடி கட்டினார்கள். இப்போது அந்த வேலையெல்லாம் பேராக்கிலுள்ள பத்து காஜா ஊருக்குப் போய்விட்டது. ரயில்வே ஊழியர்கள் குடியிருந்த பிரிக்பீல்ட்ஸ் நூறு குவாட்டர்ஸும் இப்போது இல்லை. இதெல்லாம் எங்காவது எழுதிக் கிடக்கும், தேடினால் கிடைக்கும்.

தேடினாலும் கிடைக்காத ஒன்றைச் சொல்கிறேன். போன வாரம் இங்கே அமர்ந்திருக்கும் பெரியவர் ஒருவரோடு தேநீர் குடித்தேன். சக்கரத்தின்மேல் இரும்புப் பட்டை ஏற்றுவது எப்படி என்று கேட்டேன். பட்டையின் உள்விட்டத்தைச் சக்கரத்தைவிட ஒரு மில்லிமீட்டர் அளவுக்குக் குறைவாகக் கடைவார்களாம். பிறகு நெருப்பில் சுற்றிலும் காய்ச்சினால் பட்டை விரியும். அந்த நேரம் பார்த்துச் சக்கரத்தை உள்ளே இறக்கிவிட வேண்டும். ஆறியதும் பிடித்துக்கொள்ளும். “போதுமான சூடு ஏறிவிட்டது என்று எப்படித் தெரியும்?” என்றேன். “எச்சில் துப்பிப் பார்ப்போம், தம்பி” என்றார். சிரித்துவிட்டேன். அவர் சிரிக்கவில்லை. எச்சில் எப்படிச் சீறினால் இன்னும் பொறுக்க வேண்டும், எப்படி உருண்டு ஓடினால் இறக்கலாம் என்று விரலால் மேசையில் வரைந்து காட்டினார். தேநீர் ஆறிப்போனது.

சுத்தியலால் சக்கரத்தைத் தட்டிப் பார்ப்பதையும் சொன்னார். நல்ல சக்கரம் கோயில் மணி மாதிரி நின்று ஒலிக்கும். விரிசல் விட்டது ‘தொப்’ என்று அடங்கிவிடும். அவரைக் கண்ணைக் கட்டி நிறுத்தினாலும் பிழையைச் சொல்லிவிடுவார் என்றுதான் எனக்குத் தோன்றியது. எத்தனை ஆயிரம் பயணிகள் அந்தக் காதை நம்பித் தூங்கிக்கொண்டு போயிருப்பார்கள்! அதே பட்டறையில் ஒரு காது இப்படிக் கூர்மையானது, என் அப்பாவின் காது அடைத்துப்போனது.

ஏற்பாட்டாளர்கள் கோபிக்க வேண்டாம். பொன்னாடை போடுங்கள், வேண்டாமென்று நான் சொல்லவில்லை. ஆனால் என் நேரத்தில் மிச்சம் 14 நிமிடம் இருக்கிறது. அதை அவர்களுக்கே கொடுத்துவிடுகிறேன். பின்வரிசைத் தம்பிகள் கைப்பேசியில் பதிவு செய்யுங்கள். மற்றவர்களிடம் சாப்பாட்டு நேரத்தில் உட்கார்ந்து கேளுங்கள்.

மைக்கை அந்த நீலச் சட்டை ஐயாவிடம் கொடுங்கள். ஐயா, சக்கரத்தைத் தட்டும்போது சுத்தியல் எந்த இடத்தில் படவேண்டும்? அன்று கேட்க மறந்துவிட்டேன்.