எரு கேட்காத செல்

கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், கோபாலபுரம் பக்கத்து நேயர்களுக்கு வணக்கம். ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் பல வருஷம் வேலை பார்த்தவன் நான்.

நெல்லும் கடலையும் எரு கேட்கும், களை கேட்காது. இது உங்களுக்குத் தெரிந்ததுதான். ரத்தப் புற்றுநோயிலும் கிட்டத்தட்ட இதே கதை.

எலும்பு மஜ்ஜையில் இருக்கும் இளம் செல்கள் தன்னிஷ்டத்துக்குப் பெருகுவதில்லை. வளர்ச்சிக் காரணி என்ற புரதம் கிடைத்தால்தான் பெருகும். 1966-ல் மெல்போர்னில் ரே பிராட்லியும் டொனால்டு மெட்காஃபும் எலியின் மஜ்ஜையை அகர் கூழில் வளர்த்தார்கள். கூழில் செல் நகராது, நின்ற இடத்திலேயே பெருகிக் கூட்டமாகும். அதனால் கூட்டங்களை எண்ணிவிடலாம். மைக்ராஸ்கோப்பில் குனிந்து எண்ணி எண்ணிக் கழுத்து வலித்த நாட்கள் எனக்கும் உண்டு.

1993-ல் நெதர்லாந்தின் பாப் லோவன்பெர்க் குழு இன்னொன்றைப் பார்த்தது. அக்யூட் மைலாய்டு லுகேமியா என்ற வேகமாகப் பரவும் ரத்தப் புற்றுநோய் வந்த பெரியவர்களின் செல்களை, வளர்ச்சிக் காரணி எதுவும் சேர்க்காமலே வளர்த்தார்கள். சிலருடைய செல்கள் பட்டினி கிடந்தன. சிலருடையவை எருவே இல்லாமல் மளமளவென்று பெருகின. அப்படிப் பெருகியவர்களுக்குத்தான் நோய் அதிகமாகத் திரும்பியது, ஆயுளும் குறைந்தது. சில நோய்ச் செல்கள் தமக்கு வேண்டிய காரணியைத் தாமே சுரந்துகொள்கின்றன. களையேதான்!

இப்போது ஆஸ்பத்திரிகளில் குரோமோசோம், எஃப்எல்டி3, என்பிஎம்1 போன்ற மரபணுச் சோதனைகளை வைத்தே ஆபத்து எவ்வளவு என்று முடிவெடுக்கிறார்கள். ஏனென்றால் செல் வளர்க்க நாள் பிடிக்கும். கூடத்துக்குக் கூடம் எண்ணிக்கையும் மாறும்.

ஒரு தடவை வேலந்தாவளத்து அம்மா ஒருவர், மகனுடைய ரிப்போர்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டார்: “ஏனுங்க சார், செல்லு மோசம்னு வந்துட்டா இனி மருந்தே வேண்டாங்களா?” எனக்கு மனசு கனத்துவிட்டது. “இல்லீங்கம்மா, மோசம்னு முன்கூட்டியே தெரிஞ்சாத்தான் டாக்டர் அடுத்த வழி பார்ப்பார்” என்றேன். சைட்டரபின் என்ற மருந்தை ஏழு நாள், டானோரூபிசின் என்ற மருந்தை மூன்று நாள் கொடுத்து நோய் அடங்கியதும், ஆபத்து அதிகமுள்ளவர்களுக்கு மஜ்ஜை மாற்றைப் பற்றி யோசிப்பார்கள். கூடப் பிறந்தவர் ஒருவரின் மஜ்ஜை முழுசாகப் பொருந்த நாலில் ஒரு வாய்ப்பு உண்டு.

“அவனுக்குத் தங்கச்சி ஒருத்தி இருக்காளுங்க” என்றார் அந்த அம்மா. அடுத்த வாரமே அந்தப் பெண்ணையும் ரத்தப் பரிசோதனைக்குக் கூட்டிக்கொண்டு வரச் சொன்னேன்.