நாஸ்டால்ஜியா: நோயாக இருந்த ஒரு சொல்

எல்லோருக்கும் வணக்கம். பழைய கேசட் படம் ஒன்றை யாராவது பகிர்ந்தால் போதும், "செம நாஸ்டால்ஜியா" என்று கீழே எழுதிவிடுகிறோம். அவ்வளவு இனிப்பாகிவிட்டது அந்தச் சொல். ஆனால் அது பிறந்தது ஒரு மருத்துவ ஆய்வேட்டில், நோயின் பெயராக.

1688ஆம் வருடம் சுவிட்சர்லாந்தின் பாசெல் நகரத்தில் அந்த ஆய்வேட்டை எழுதியவர் யோஹான்னஸ் ஹோஃபர் என்ற இளம் மாணவர். ஊரைப் பிரிந்தவர்கள் சோறு இறங்காமல், தூக்கம் வராமல் இளைத்துத் துரும்பாவதை அவர் கவனித்திருந்தார். வீடு திரும்புவதைக் குறிக்கும் 'நோஸ்டோஸ்', வலியைக் குறிக்கும் 'ஆல்கோஸ்' ஆகிய இரண்டு கிரேக்கச் சொற்களைச் சேர்த்து அதற்குப் பெயர் வைத்தார். அவர் சொல்லும் ஒரு கிராமத்துப் பெண்ணை என்னால் மறக்க முடியவில்லை. உயரத்திலிருந்து விழுந்து ஆஸ்பத்திரியில் கிடந்தவள் அவள். நினைவு திரும்பியதும் மருந்தும் வேண்டாம், சாப்பாடும் வேண்டாம் என்று தள்ளிவிட்டாள். எதைக் கேட்டாலும் "வீட்டுக்குப் போகணும்" என்பது மட்டும்தான் பதில். கடைசியில் வீட்டுக்கு அனுப்பினார்கள். சில நாட்களில், மருந்தே இல்லாமல் தேறிவிட்டாள்.

வெளிநாட்டுப் படைகளில் கூலிக்குப் போரிட்ட சுவிஸ் வீரர்களிடம் இந்த நோய் நிறையத் தென்பட்டது. மலையில் வளர்ந்தவர்களைச் சமவெளியின் காற்றழுத்தம் அமுக்குகிறது என்று ஷாய்க்ஸர் என்ற அறிஞர் விளக்கம் தந்தார். காரணம் தவறுதான். ஆனால் அந்த வேதனையை நடிப்பு என்று அவர் ஒதுக்கவில்லையே, அது பெரிய விஷயம்.

சரி, ஆங்கிலத்துக்கு இது எப்படி வந்தது? கேப்டன் குக்கின் எண்டவர் கப்பலில் சென்ற இயற்கை ஆய்வாளர் ஜோசப் பேங்க்ஸ், 1770 செப்டம்பரில் தம் நாட்குறிப்பில் இதை எழுதுகிறார். கப்பல் இங்கிலாந்திலிருந்து கிளம்பி அப்போது இரண்டு வருடம் தாண்டிவிட்டது. நியூ கினியா கரையை விட்டுப் புறப்படும் நேரம். மாலுமிகள் வீட்டு ஏக்கத்தில் ரொம்பவே வாடிவிட்டார்கள், மருத்துவர்கள் இதை நாஸ்டால்ஜியா என்ற நோயாகவே கருதுகிறார்கள் என்கிறார். இதில் சிக்காதவர்கள் கேப்டன், உடன் வந்த இன்னொரு இயற்கை ஆய்வாளரான டாக்டர் சோலாண்டர், தாம் ஆகிய மூன்று பேர்தானாம். மனத்துக்கு ஓயாத வேலை இருந்ததால் தப்பித்தோம் என்கிறார். அந்த வரியில் எனக்குத் தெரிவது வர்க்க வேறுபாடு. செடிகொடியை ஆராய்கிறவருக்குப் பயணம் ஆர்வம். பாய்மரக் கயிறு இழுப்பவனுக்கு அது பிழைப்பு.

பிறகு 1861இல் தொடங்கிய அமெரிக்க உள்நாட்டுப் போரில், வடக்குப் படையின் மருத்துவர்கள் 5000க்கும் மேற்பட்ட வீரர்களுக்கு நாஸ்டால்ஜியா என்று பதிவு செய்தார்கள். அதனால் இறந்தவர்களும் அந்தக் கணக்கில் உண்டு.

இடத்துக்கான ஏக்கம் எப்படிக் காலத்துக்கான ஏக்கமாக மாறியது? 1798இலேயே ஜெர்மன் தத்துவ அறிஞர் இமானுவேல் கான்ட் இதைத் தொட்டிருக்கிறார். ஊர் திரும்பியவன் ஏமாந்துபோகிறான், ஏனென்றால் அவன் தேடியது ஊரை அல்ல, அங்கே விட்டுவந்த இளமையை என்கிறார். இருபதாம் நூற்றாண்டில் இந்தப் பொருளே நிலைத்துவிட்டது. மருத்துவர்களும் சொல்லைக் கைவிட்டார்கள்.

கான்ட் சொன்னது ஆழமானதுதான். ஆனாலும் எல்லா ஏக்கத்தையும் இளமைக் கணக்கில் எழுத எனக்கு மனம் வரவில்லை. வளைகுடாவில் ஒரே அறையில் பலரோடு படுத்துக்கொண்டு, பாஸ்போர்ட் முதலாளி கையில் இருக்க, ஊருக்கு வர முடியாமல் தவிக்கிறவருக்கு இருப்பது ஹோஃபர் கண்ட அதே நோய். அன்றைய படை மருத்துவர்கள் இதற்கு எழுதித் தந்த மருந்துகளில் ஒன்று லீவு. அவருக்கும் முதலில் வேண்டியது அதுதான்.